தளபதிக்குப் போய்ச் சேராத எச்சரிக்கை

ஒக். 14, செவ்வாய்
விம்பிள்டனில் விடாத மழை. பால், வெந்தயம் வாங்க வேண்டும்.
ஞாயிறு, சட்டனில் நடக்கும் வாசகர் வட்டத்தில் என் பேச்சு. அமெரிக்காவின் ஆரம்பகாலத் தளபதி ஒருவர். ஸ்கொட்லாந்தில் பிறப்பு. ஆங்கிலேயப் படையோடு கடல் கடந்தவர், பின்னர் விடுதலைப் போரில் அதே படைக்கு எதிராக. ஒரு கோட்டையைச் சண்டையின்றிக் கைவிட்டார். விசாரணை. குற்றமில்லை என்று தீர்ப்பு. பிறகு எல்லைப்புறத்துக்கே ஆளுநர்.

ஒக். 15, புதன்
டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்குப் பின்னால் இரண்டு ஆண்கள், ஆங்கிலத்தில். "சனிக்கிழமை. அந்த மூலையில் இருக்கும் வந்தேறிகளின் கடைகள்தான்." பிறகு ஒரு தெருவின் பெயர். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் தம்பி சுதன் கடை வைத்திருக்கும் தெரு. ஒருவன் சிரித்தான். திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.
பொலிசுக்குச் சொன்னேன். சுதனுக்கும்.
"ட்ரெயினில ஆயிரம் கதைப்பாங்கள், அக்கா. பூட்டினா பயந்திட்டன் எண்டு நினைப்பாங்கள். மாலினிக்குச் சொல்லிப் போடாதேங்கோ. பிள்ளைத்தாச்சி, பயந்திடுவாள்."
அவனும் மனைவி மாலினியும் இருப்பது கடைக்கு மேல் மாடியில்.

ஒக். 16, வியாழன்
குளிர். பேச்சு பாதி எழுதியாயிற்று. பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடிக்கத் தளபதியை அனுப்புகிறார்கள். வயது போய்விட்டது. கீல்வாதம், நடக்க ஏலாது. படைக்கு நல்ல சாப்பாடில்லை. முதல் நாள் இரவு, காட்டுக்குள் ஆட்கள் திரள்வதைக் கண்ட ஒரு கப்டன் துணைத்தளபதியிடம் ஓடி வந்து சொல்கிறார். துணைத்தளபதி அதைத் தளபதிக்குச் சொல்லவேயில்லை. இருவருக்கும் ஆகாது.
விடியும்போது தாக்குதல். படையில் பெரும்பகுதி அழிந்தது. தளபதியின் உடுப்பெல்லாம் குண்டு துளைத்த ஓட்டை, உடம்பில் கீறலில்லை.
இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஒக். 17, வெள்ளி
பிள்ளையார் கோயில். அங்கிருந்து நேரே பிளேஸ்டோ. எதிர்ச் சலூன்காரர் கண்ணாடிக்குப் பலகை அடிக்கிறார். மாலினி கேட்டாள்: "ஏன் மச்சாள் பலகை அடிக்கினம்?" சுதன் என்னை முறைத்தான்.
சொல்லிவிட்டேன்.
மாலினி மேலே போய்ப் பையோடு இறங்கி வந்தாள். பிறகு, "நான் உங்களோட வாறன்."
"போங்கோ. நான் நிக்கிறன்," என்றான் சுதன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒக். 18, சனி
மழை இல்லை. மழை பெய்திருக்கக் கூடாதா.
மத்தியானம் சுதனின் மெசேஜ்: சனம் சேருது. பிறகு: ஷட்டர் போட்டிட்டன். பிறகு ஒன்றுமில்லை. மாலினி போனை மடியில் வைத்தபடி. தேத்தண்ணி ஆறிப் போயிற்று. டிவியில் புகை. எந்தத் தெரு என்று சொல்லவில்லை.
பொழுதுபடச் சலூன்காரர் போனில் அழைத்தார். "சுதனை நாங்கள் பின் கூரையால இறக்கினம். கை ரெண்டும் எரிஞ்சு போச்சு. மேல் அறையில ஒண்டும் மிஞ்சேல்ல."
மாலினி மெல்ல: "மத்தியானத்தில அங்கதான் படுத்திருப்பன்."

ஒக். 19, ஞாயிறு
பேச்சு இல்லை. வட்டத்துக்கு அறிவித்தாயிற்று.
ஆஸ்பத்திரி. சுதனின் இரண்டு கையிலும் கட்டு. மாலினியைக் கண்டதும் அழுதான். அவள் தண்ணீர் எடுக்கப் போன பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டான்.
"அக்கா, மேல் ஜன்னலுக்குள்ள பெற்றோல் போத்தில் எறிஞ்சவனைக் கண்டனான். ஒவ்வொரு நாளும் பால் வாங்க வாறவன். பிள்ளை எப்ப பிறக்கும் எண்டு போன கிழமையும் கேட்டவன்."