வீரம்மாள் மாடியில் வயர்லெஸ்

1983, ஆனி 6, திங்கள்

பேய்க்காற்று. நடுநடுவே சாரல். விடிந்ததும் முதல் வேலை, மேல் தொட்டியைப் போய்ப் பார்த்தது. நிரம்பி வழிந்து என் திராட்சைப் பந்தலுக்குள் தண்ணீர் நிற்கிறது. பழம் நிறம் பிடிக்கிற நேரம், இப்போது மிஞ்சின தண்ணீர் ஆகாது. ஓரத்து வரிசையில் வெடித்துவிட்டது. ஈ மொய்க்கிறது.

காரணம் பழையதுதான். மோட்டார் ஆற்றங்கரையில், தொட்டி மலையடியில். இரண்டுக்கும் இடையே ரோட்டோரமாக இழுத்த டெலிபோன் கம்பி. கிளை விழுந்து மறுபடியும் அறுந்தது. தொட்டி நிரம்பின சேதி கீழே மோட்டார் போடுகிற கருப்பையாவுக்கு எப்படித் தெரியும்? அவனைத் திட்டிப் பயனில்லை. திட்டினேன்.

உளுந்து ஊறப்போட மறந்தாயிற்று. மகன் செல்வம் கஞ்சி போதும் என்றான். இன்னொரு முறை இப்படி வழிந்தால் இந்தக் காய்ப்பே போச்சு.

ஆனி 8, புதன்

தண்ணீர்ச் சங்கத்தில் கூட்டம். பொம்பளை நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் போனபின் அவர் நாற்காலியில் நான். எழுந்து இடம் கொடுக்காத ஆட்கள் யார் யார் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று வழி பேசினார்கள்.

ரோட்டோரக் கம்பியையே மறுபடி இழுப்பது. காற்று அடித்தால் அறுகும்.
கரண்ட் கம்பி வழியாகவே பேச்சை அனுப்புவது. கரண்ட் போனால் பேச்சும் போகும்.
வயர்லெஸ். கம்பியே வேண்டாம்.

தோப்பு வழியாகக் குறுக்கே கம்பி இழுத்தால் காற்றுக்கு மறைவு என்று ஒருவர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தோப்பு வீரம்மாளுடையது.

தலைவருக்குச் சந்தேகம். "வயர்லெஸ்னா போலீஸ்காரக வச்சிருக்கிறதாச்சே மதினி. நமக்குக் குடுப்பாகளா?"

"லைசென்ஸ் கேளுக, குடுப்பாக. கேக்காம இந்த ஊருக்கு எது வந்துச்சு?"

கம்பிக்கும் வயர்லெஸ்ஸுக்கும் ஓட்டு சமம். கடைசிக் கை என்னுடையது. வயர்லெஸ் என்று தூக்கினேன். காற்றால் அறுக்க முடியாது என்று காரணம் சொன்னேன். சொல்லாத காரணம், வீரம்மாளிடம் போய் நிற்க வேண்டாம்.

வீரம்மாள் என் கொழுந்தன் பெண்டாட்டி. என் வீட்டுக்காரர் கருமாதிப் பந்தியில், அரக்குச் சேலை, கையில் பாதி வடை, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மேட்டு நெலத்தப் பங்கா வாங்கிட்டு அங்கன என்னத்த வெளைய வைக்கப் போறா?" எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். அன்றோடு பேச்சு அறுந்தது. கொழுந்தன் சாவுக்குப் போனேன், அழுதேன், அவளோடு பேசாமல் வந்தேன்.

ஆனி 13, திங்கள்

மதுரையிலிருந்து இன்ஜினியர் வந்தார், சோதித்துப் பார்க்க வயர்லெஸ் செட்டுகளோடு. மீசை இப்போதுதான் முளைக்கிறது. ஆனால் வேலை தெரிந்த பிள்ளை. பொத்தானை அழுத்திப் பேசணும், முடிந்ததும் ஓவர் சொல்லி விரலை எடுக்கணும். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். தலைவர் விரலை எடுக்கவே இல்லை.

தொட்டியிலிருந்து ஆற்று மோட்டாரைக் கூப்பிட்டோம். கடலை வறுக்கிற சத்தம் மட்டும். இன்ஜினியர் கரட்டைக் காட்டினார்.

"இந்தப் பேச்சு நேராத்தான் போகும்மா. குன்னு குறுக்க நிக்குது. ரெண்டு பக்கமும் தெரியற எடத்துல நடுவுல ஒரு செட்டு வேணும். கேட்டுக் கேட்டுச் சொல்ல ஆளும் வேணும்."

சுற்றிப் பார்த்தார். "அந்த மாடி வீடு சரியா இருக்கும். யாரு வீடு அது?"

தலைவருக்கு இருமல் வந்துவிட்டது.

வீரம்மாள் வீடு. யாரிடம் போகக் கூடாதென்று கை தூக்கினேனோ அவள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டது என் கை. தலைவர் ஆளனுப்பிக் கேட்டார். "அவுக வந்து கேக்கட்டும்" என்று பதில். அவுக என்றால் நான்.

வேண்டாம், பழைய கம்பியே போதும் என்று வாய்வரை வந்தது. பந்தலில் காற்று இன்னும் அடிக்கிறது, கம்பி நிற்காது.

ஆனி 14, செவ்வாய்

போனேன். செல்வமும் இன்ஜினியரும் கூட. அவள் முற்றத்தில் கோழிக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கோழியிடம் சொன்னாள்:

"ஏ கோழி, யாரோ வழி தப்பி வந்துருக்காக போல. என்னன்னு கேளு."

நான் செல்வத்தைப் பார்த்து, "ஏலே, சங்கத்துக்கு மாடியில ஒரு ஏரியல் கம்பு நடணும். ஆகும்னா சொல்லட்டும், ஆகாதுன்னா வேற எடம் பாப்போம்."

"வேற எங்கன பாப்பாக? கரட்ட வெட்டியா?" கோழியிடம்தான்.

செல்வம் பொறுக்க மாட்டாமல், "சின்னாத்தா, நீங்க ரெண்டு பேரும் பேசாம தண்ணி எப்படிப் பாயும்?" என்றான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனை அதட்டினோம்.

அவள் நிபந்தனை: செட் அவள் கையில் இருக்கும். ஆம்பிளைகள் நினைத்தபடி மாடி ஏறக் கூடாது. பேசுவது அவள்தான்.

மேல் தொட்டியில் பேச வேண்டியவள் நான். தொட்டி என் பந்தலை ஒட்டி. இன்னொருத்தரை நம்பி விடவும் மாட்டேன். இதைச் சொல்லிவிட்டு நின்றேன். அப்படியானால் அவளும் நானும்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்ஜினியர்தான் சொன்னார். "செட்ல ஆள் பேர் சொல்லக் கூடாதும்மா. எடத்துப் பேர்தான். மேல் தொட்டி, நடு வீடு, ஆத்து மோட்டார். அப்படித்தான் சட்டம்."

நல்ல சட்டம் என்று செல்வத்திடம் சொன்னேன். வீரம்மாளும் கோழியிடம் அதையே சொன்னாள்.

ஆனி 16, வியாழன்

காற்று குறையவில்லை. மாடியில் ஏரியல் நட்டாயிற்று. செட்டுக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தோம். தேங்காய்த் தண்ணீர் செட்டில் படுமோ என்று இன்ஜினியருக்குப் பயம்.

"மேல் தொட்டி, மேல் தொட்டி. ஆத்து மோட்டார் போட்டாச்சு. ஓவர்."

தெளிவாகக் கேட்டது. அவள் குரல் கொஞ்சமும் கிழடு தட்டவில்லை.

"நடு வீடு. தண்ணி வந்துருச்சு. ஓவர்."

குழாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விளிம்புக்கு ஒரு சாண் இருக்கையில், "நடு வீடு, நடு வீடு. போதும், நிறுத்தச் சொல்லு. ஓவர்."

நின்றது. ஒரு சொட்டு பந்தல் பக்கம் போகவில்லை. தலைவர் கைதட்டினார், தானே கண்டுபிடித்த மாதிரி. இனி வயர்லெஸ்தான் என்று லைசென்ஸுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அணைக்கப் போனேன். செட் மறுபடி கரகரத்தது.

"மேல் தொட்டி. காலையில இருந்து ஏதாச்சும் சாப்டாகளா? ஓவர்."

பொத்தானை அழுத்தினேன்.

"நடு வீடு. தண்ணிச் சேதி மட்டும். ஓவர்."

சாப்பிடவில்லைதான். அதை அவளிடம் ஏன் சொல்ல?