நீங்கள் இருமினீர்கள், நான் பாறையை அளந்தேன்

அண்ணே,

மாலையில் வீடு திரும்பிச் சேலையை உதறினேன். குவாரித் தூசியின் வாசம் அறையெல்லாம் நிறைந்தது. பக்கத்தில் வந்து நின்றால் உங்கள் சட்டையிலும் அதே வாசம்தான் அடிக்கும். ஆத்திரம் தாங்காமல் இதை எழுதுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன், நிலவியல் மாணவர்களை முதன்முதலாக அந்தக் குவாரிக்குக் கூட்டிவந்த நான், எதைக் காட்டுவதென்று தெரியாமல் நின்றேன். துளை போட்டுக்கொண்டிருந்த நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள்.

"டீச்சரம்மா, இங்கிட்டு வாங்க. செவப்பா மணி மணியாக் கெடக்கு."

கார்னெட். புத்தகத்தில்கூட அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

"இதுக்கு எம்புட்டு வயசு இருக்கும்?"

"அம்பது கோடி வருசத்துக்கு மேல அண்ணே."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. மூக்கில் கட்டியிருந்த துண்டை இறக்கித் துப்பினீர்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் எங்களுக்கென்று நல்ல கல்லாக எடுத்துவைத்தீர்கள். கல்லூரி அலமாரியில் 'சேகரித்தவர்' என்று என் பெயர் இருக்கிறது.

இன்று உங்களைக் காணோம். மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அவரு செத்து நாலு மாசமாச்சும்மா. டி.பி.ன்னாங்க" என்றபடியே மாணவர்களிடம் முகக்கவசப் பெட்டியை நீட்டினார். "போட்டுக்கங்க, தூசி பிள்ளைகளுக்கு ஆகாது."

அவருக்குப் பின்னால் இருவர் வெறும் துண்டோடு துளை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்கு?"

"அவங்களுக்குப் பழகிருச்சும்மா."

பாறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்பதை, மிஷின் சத்தத்தை மீறி அந்த இருவருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன். மேஸ்திரி போனை எடுத்தார். சற்று நேரத்தில் எங்களை வெளியேறச் சொன்னார்கள். இனி அனுமதி இல்லையாம். பிள்ளைகள் கவசங்களைக் கழற்றவில்லை. கிளம்பும்போது மிச்சமிருந்த பெட்டியை அந்த இருவர் பக்கத்தில் வைத்தேன். அது போதாதென்று தெரிந்தேதான் வைத்தேன்.

"இருக்கட்டும்மா, மேஸ்திரி அங்கிட்டுப் போகவும் போட்டுக்கிறோம்" என்றார் ஒருவர்.

பேருந்தை அனுப்பிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மதினி அழவில்லை. "ஒங்களுக்குத் தெரியாதாம்மா? படிச்சவுகதான?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும் அண்ணே. கல்தூசி நுரையீரலை அரிக்கும் சிலிக்கோசிஸை டி.பி. என்று சொல்லிவிடுவார்கள் என்று பாடமே நடத்தியிருக்கிறேன். ஏழு வருடமும் நீங்கள் இருமினீர்கள், நான் பாறையின் சாய்வை அளந்துகொண்டிருந்தேன்.

மதினி உங்கள் எக்ஸ்ரேயை எடுத்துக் கொடுத்தார். நாளை அவரோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். குவாரிக்காரர்கள் மேலுள்ள கோபத்தை அங்கே எழுதிக் கொடுத்துவிடுவேன். என் மேலுள்ளதை எங்கே கொடுப்பது? அது என்னோடுதான் இருக்கும்.