சம்பந்தியம்மாவின் ஜன்னல்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர. உன் சௌக்கியத்தை எழுது, உன் கட்டடத்தின் சௌக்கியத்தை எழுதாதே, போன தடவையே போதும் போதும் என்றாகிவிட்டது.

நீ அனுப்பிய படத்துக்கு அப்பா சட்டம் போட்டு என் தையல் மெஷினுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார், தலை நிமிர்ந்தால் அவள்தான் நிற்கிறாள். அவள் என்றால் உன் டெலிபோன் கம்பெனியின் வானளாவிய தலைமை அலுவலகம். நான் அவளுக்குச் சம்பந்தியம்மா என்று பேர் வைத்திருக்கிறேன், பெண் கொடுக்காமலே பிள்ளையை வளைத்துப் போட்டவளை வேறு எப்படிச் சொல்வது. துணிக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பாவுக்கு அவள் பெருமைதான், அந்த ஊருக்கே அடையாளமாம், கப்பல்காரர்கள்கூட அவளைப் பார்த்துத்தான் கரை வந்தது என்று தெரிந்துகொள்வார்களாம். உச்சியில் ஒரு ஜன்னலில் பேனாவால் புள்ளி வைத்து, இதுதான் நம்ம பையன் உட்கார்ற இடம் என்கிறார். போயும் போயும் ஒரு கட்டடத்தைப் பார்த்தா பொறாமைப்படுவே? என்று உன் அக்கா சிரிக்கிறாள். படுகிறேன்தான். பெற்றவளுக்கு எப்போதோ ஒரு போன், அவளுக்குப் பொழுதெல்லாம் நீ. ஊருக்கெல்லாம் பேச்சு விற்கிற கம்பெனியில் பிள்ளை இருக்கிறான், அம்மாவுக்குப் பேச்சுப் பஞ்சம்.

போன வாரம் போனில் வாய் தவறிச் சொன்னாய், மழைத் தண்ணீர் உங்கள் அறைக்குள் வந்துவிட்டது என்று. அத்தனை உயரத்துக்கா தண்ணீர் ஏறும்? கேட்டதும் மழுப்பினாய், பிறகு கேபிள் எல்லாம் தரைக்குக் கீழேதான், எனக்கும் அங்கேதான் வேலை என்றாய். இத்தனை நாளும் நான் யாருடைய ஜன்னலையோ பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் படட்டும் என்று உன் தொட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வளர்த்தவள் நான். அந்தச் சீமாட்டி தலையை வானத்தில் வைத்துக்கொண்டு என் பிள்ளையைக் காலுக்கடியில் உட்கார வைத்திருக்கிறாளே, எனக்கு மனசு ஆறவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதே பேச்சில், அங்கேயே நிரந்தரமாகிவிடட்டுமா என்று வேறு கேட்டாய். போனில் உன் குரல் கேட்டால் சரி என்று சொல்லித் தொலைப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குச் சம்மதமில்லை. வந்துவிடு. இல்லை, இருந்தே தீருவேன் என்றால் ஒரு ஜன்னல் கேட்டு வாங்கிக்கொண்டு இரு. எந்த ஜன்னல் என்று எழுது, அப்பாவின் புள்ளியை அழித்துவிட்டுச் சரியான இடத்தில் நானே வைக்கிறேன்.

நோய் நொடி அண்டாமல் நன்றாயிரு. ஈரக் காலோடு நிற்காதே, செருப்பை மாற்று.

இப்படிக்கு,
உன் அம்மா
(அவள் இல்லை, நான்.)