டிரம்ஸ்: ஹரிகிருஷ்ணன்

ஜூலை 8, செவ்வாய்

அட்டுவம்பட்டியில் ஒரு ஹோம்ஸ்டேவுக்குக் கேமரா மாட்டும் வேலை. ஏணியில் நிற்கும்போது சென்னையிலிருந்து ரிஃபானா கூப்பிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. சின்ன கம்பெனி ஒன்று எங்கள் பாட்டுகளை வெளியிடக் கேட்கிறதாம்.

‘கல் விழும் இடம்’ — எங்கள் ஹார்ட்கோர் பங்க் பேண்ட். ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. நான் கிட்டார், அவள் பாட்டு (பாட்டு என்ன, அலறல்), ஹரிகிருஷ்ணன் டிரம்ஸ். பதிவெல்லாம் என்னிடம்தான். மிக்ஸ் பண்ணித் தரச் சொன்னாள்.

“ஹரிகிட்டயும் சொல்லிரு.”

சொல்ல மாட்டேன்.

ஜூலை 9

பேண்டைக் கலைத்தவன் அவன்.

ரிஃபானா பாடுவது பஜாரில் தெரியக் கூடாது — நான் போட்ட விதி. தெரிந்த முகம் உள்ளே வந்தால் கிட்டாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக் கீச்சிட வைப்பேன். உடனே அவள் மைக்கை விட்டுவிட்டு, வீடியோ எடுக்க வந்தவள் போல நிற்கணும். கடைசி நிகழ்ச்சியில் கதவருகே அவள் அத்தா, மசாலாக்கடை சம்சுல் ஆலம். கீச்சிட்டேன். அவள் மேடையை விட்டு இறங்கிப் போனாள். திரும்ப வரவேயில்லை.

போஸ்டர்கூட ஒட்டவில்லையே, அவருக்கு யார் சொன்னது? ஹரி வீடு அவர் கடைக்கு எதிர்ச்சந்து. அன்றே கேட்டேன். “ஏலே, ரிஃபானாகிட்டயே கேளு” என்றான். மழுப்பல்.

ஜூலை 12

கடைசி நிகழ்ச்சிப் பதிவில் டிரம்ஸை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். நான் கீச்சிடுவதற்கு முன்பே அடி தடுமாறுகிறது. கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். அவர் வருவது அவனுக்குத் தெரியும்!

அவன் வாசிப்பை மொத்தமாக எடுத்துவிட்டு மெஷின் டிரம்ஸ் போடுகிறேன். அவன் பெயரும் வராது.

ஜூலை 13

மெஷின் துல்லியமாக அடிக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 15

சம்சுல் ஆலம் கடையில் கேமரா ரிப்பேர். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன், நேராகக் கேட்டேன்: அன்று நாங்கள் வாசிப்பதை உங்களிடம் சொன்னது யார்?

“ஹரி தம்பிதான்.”

நினைத்தேன்!

“மக சொல்லச் சொன்னுச்சாம். நேர்ல கூப்பிட அதுக்குக் கூச்சம். நானும் வெள்ளனே கடையச் சாத்திட்டு வந்தேன். உள்ள கால வைக்கிறேன், கீச்சுன்னு ஒரு சத்தம், எல்லாம் முடிஞ்சிருச்சு. ஏந்தம்பி, உங்க பாட்டெல்லாம் அம்புட்டுத்தானா?”

எலி கடித்த வயர். மாற்றிவிட்டு வெளியே வந்து, பஜாரிலேயே நின்று ரிஃபானாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஏன் சொல்லல? இத்தன வருசமா ஏன் சொல்லல?

“நான் கூப்பிட்டு வந்தவருடா. அவரு முன்னாடியே என்னை ஒளியச் சொல்லிக் கீச்சுற. திருடி மாதிரி நின்னேன். அப்புறம் உன்கிட்ட என்ன பேச்சு? ஹரியவும் வாய மூடச் சொல்லிட்டேன்.”

அவனும் மூடிக்கொண்டே இருந்திருக்கிறான். என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு.

ஜூலை 16

மெஷினைத் தூக்கியாச்சு. ஹரி இப்போது தாண்டிக்குடியில், ஏதோ காப்பி எஸ்டேட்டில் வேலை. போன் எடுக்கவில்லை.

ஜூலை 19

மிக்ஸை ஹரிக்கு அனுப்பினேன். ‘தப்பு என்னுது’ என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி அதையும் அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது.

“ஏலே, இப்பவும் ஒன் கிட்டார் மட்டுந்தான் சத்தமாக் கேக்குது.”

குறைத்தேன்.