பவுடர் பூசி வரச் சொன்னார்கள், அக்கா

என் அக்கா,

நீ போய் மூன்று மாதம். நேற்று உன் பல்கலைக்கழகத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அழத்தான் போனேன். ஆத்திரத்தோடு திரும்பி வந்திருக்கிறேன்.

முதலில் பேசியவர் உன் பேராசிரியர். இனம், நிறம், தொழில்நுட்பம், ஏற்றத்தாழ்வு என்று நீ செய்த ஆய்வு தங்கள் துறையின் பெருமை என்றார். அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பியவரே அவர்தான் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். அந்த ஆய்வே என்னால்தானே தொடங்கியது. பாசிக்குடா ஹோட்டலில் நான் துணி கழுவப் போன முதல் வருடம், முகம் பார்த்து வரவு பதியும் மெசினை வாசலில் வைத்தார்கள். மனேஜரின் வெள்ளை முகத்தை அது உடனே பிடித்தது. என்னையும் என்னைப் போல் கறுத்த நான்கு பெண்களையும் பிடிக்கவில்லை. நேரத்துக்கு வந்தும் பிந்தியவர்களானோம். பவுடர் பூசிக்கொண்டு வரும்படி மேற்பார்வையாளன் சொன்னான். பூசினோம், அக்கா. மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க வரிசையில் நின்றோம்.

அதைக் கேட்டுத்தான் நீ எங்கள் ஐந்து பேரின் வீட்டுக்கும் வந்து, நாங்கள் பேசியதைப் பதிவு செய்தாய். மெசினுக்கு நிறம் தெரியுமா, இதெல்லாம் ஒரு ஆய்வா என்று கேட்டாராம் உன் பேராசிரியர்.

“யார்ர முகத்தக் காட்டி அதப் பழக்கின எண்டு கேளுங்க சேர்” என்று நீ பதில் சொன்னாயாம். அவ்வளவு துணிச்சலாகப் பேசிய நீ, பிறகு ஏன் ஆய்வின் முன்னுரையில் அவருக்கே நன்றி எழுதினாய்? அந்தக் கோபம் எனக்கு உன்னிலும் இருக்கிறது. நோயில் விழுந்த பிறகும், ஆய்வை ஏற்றுக்கொள்ள அவருடைய சம்மதத்துக்குத்தானே காத்திருந்தாய்? கடைசிவரை அது வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். உன் ஒலிப்பதிவுகள் வேண்டுமாம். தன் பெயரோடு உன் பெயரையும் சேர்த்துப் புத்தகம் போடுவாராம்.

“தர மாட்டன் சேர்” என்றேன்.

அவை துறைக்குச் சொந்தம் என்றார்.

“அது எங்கட குரல். அக்கா இருக்கக்குள்ள நீங்க அதக் கேக்கயில்ல. இப்ப என்னத்துக்கு?”

சுற்றி நின்றவர்கள் தேநீர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பேராசிரியர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை நாங்கள் ஐவரும் வாழைச்சேனையில் கூடி, உன் பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். அந்த மெசினைப் பற்றி ஹோட்டல் மேல் முறைப்பாடு கொடுப்போம் என்றேன். “எனக்குப் பயமாக் கிடக்கு புள்ள” என்றாள் எங்களில் ஒருத்தியான மலர். அவள் உழைப்பில்தான் அவள் வீடு நடக்கிறது. தன் குரலை முழுதாகக் கேட்ட பிறகு, தானும் வருவதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம். வேலை போனாலும் போகட்டும். முறைப்பாட்டில் முதல் கையெழுத்து நான்தான் வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி சுகந்தி