மாட்டுக் கொட்டகையிலேயே நினைவுப் பயிற்சியைத் தொடரக் கோரி

அனுப்புநர்:
டெஸ்மண்ட் டல்லக்,
பால் பண்ணை, வாரிங்கா க்ரீக்,
கிப்ஸ்லாண்ட், விக்டோரியா.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வட்டார மறுவாழ்வுப் பிரிவு.

பொருள்: பேச்சு, நினைவுப் பயிற்சியாளர் இமோஜன் பெட்ராக்கிஸ் பண்ணைக்கு வருவதை நிறுத்தியது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பக்கவாதம் வந்ததிலிருந்து எனக்கு எதுவும் மனதில் தங்குவதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாடுகளின் காலில் சிவப்பு நாடா கட்டுவோம். மருந்து கலந்த அந்த மாடுகளின் பால் பொதுத் தொட்டியில் சேரக்கூடாது. நான் இருமுறை சேர்த்துவிட்டேன். தொட்டிப் பால் முழுவதையும் கீழே கொட்டினோம். அன்று முதல் என் மனைவி நோரீன், முட்டிவலியோடு, விடியுமுன் எழுந்து என் பின்னாலேயே நிற்க ஆரம்பித்தாள்.

2. தங்கள் மருத்துவமனையில் முதலில் எனக்கு ஆப்பிள், மேஜை, நாணயம் என்று சொல்லிக்கொடுத்துத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் மேல் குறையில்லை, அன்பாகவே கேட்டார்கள். ஆனால் நான் ஆப்பிளிடம் பால் கறப்பதில்லை.

3. பிறகு வந்த இமோஜன், "எதை மறந்தா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். "மடியில கறவை மெஷின் குழாய மாட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?" என்பார். "காலைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு மாட்டின் காலைப் பார்க்க வேண்டும். அதையே அடுத்த மாட்டுக்கும் கேட்பார், பிறகு சில மாடுகள் விட்டு, பிறகு தேநீருக்கு அப்புறம், பிறகு மறுநாள். தடுமாறினால் உடனே விடையைச் சொல்லிவிடுவார், சோதிக்க மாட்டார். இப்போது கை குழாயை எடுக்குமுன் கண் காலுக்குப் போகிறது.

4. "கல்யாணமான நாள்லேர்ந்து நான் சொல்லி ஏறாத மண்டைல, அந்தப் பொண்ணு சொன்னது மட்டும் எப்படிய்யா ஏறுச்சு?" என்கிறாள் நோரீன். எனக்கும் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

5. சோதனையில் என் மதிப்பெண் உயரவில்லை, ஆகவே இனி மருத்துவமனைக் கணினியில் பயிற்சி செய்தால் போதும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. மதிப்பெண் விஷயம் உண்மைதான். அந்த மூன்று சொற்களை நோரீன் இப்போது எடுத்துக்கொடுத்துத்தான் மேலே எழுதினேன். ஆனால் இமோஜன் வந்தபின் ஊசி போட்ட மாட்டின் பால் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகவில்லை. அது தங்கள் சோதனைத் தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

6. இன்னும் ஒன்று பாக்கி. கறந்து முடித்ததும், பாலைத் தொட்டிக்குள் விடும் பெரிய குழாயை வெளியே எடுத்துவிட்டுத்தான் குழாய்களைக் கழுவும் தண்ணீரைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் பாலில் கலந்துவிடும். இது இன்னும் என் கைக்கு வரவில்லை. இமோஜன் இதைத் தொடங்கிய வாரத்தில்தான் தங்கள் கடிதம் வந்தது.

ஆகவே, அந்தக் குழாய் என் கைக்குப் பழகும்வரை இமோஜனைக் கொட்டகைக்கே அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்போது நோரீன் கறவை முழுவதற்கும் நிற்பதில்லை. கடைசியில் மட்டும், இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து குழாயை எடுத்துவிட்டுப் போகிறாள். எனக்கு மதிப்பெண் போட வேண்டுமானால், ஒருநாள் விடிந்தபின் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நோரீன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தால் நான் தேறிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

இடம்: வாரிங்கா க்ரீக்
நாள்: 12 ஆகஸ்ட்

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) டெஸ்மண்ட் டல்லக்