சூப் ஆறுவதற்குள்

அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு உன் கோடு போட்ட கல்லூரி மஃப்ளர் கையில் விழுந்தது, மாப்ளே. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மனைவி மதுரையிலிருந்து கொடுத்தனுப்பியது. தோஹா வெயிலில் அதை யார் சுற்றிக்கொள்வது? இன்று என் மகளுக்கு உன் இங்கிலாந்துக் கல்லூரியின் நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாக. ராசிக்காகத்தான் தேடி எடுத்தேன்.

இங்கே நஜ்மா பகுதி மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை இலைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் நீ அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் பேசுவாய். யாரோ ஒரு பிஷப் கட்டி ஐந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. புல்தரையில் பேராசிரியர்கள் மட்டுமே கால் வைக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் எழுந்து நிற்க, லத்தீனில் ஜெபம் சொல்வார்கள். "அது முடியறதுக்குள்ள சூப் ஆறிப்போயிரும்டா" என்பாய். நீ அங்கே படித்தவன் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நீ மறுக்கவில்லை.

நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்? தெரிந்தவர் பெயரைச் சொன்னால் காரியம் நடக்கும் என்று, 'எங்கள் குடும்ப நண்பர் இங்கே படித்தவர்' என ஒரு வரியை அவளுடைய விண்ணப்பத்தில் சேர்க்க வைத்தேன். நேற்று அவள் கேட்டாள்: "அப்பா, அங்கிள் சொன்ன ஸ்டோரி எதுலயுமே அவர் உட்காரவே இல்லையே. சூப் ஆறுதேன்னு ஒரு ஸ்டூடண்ட் ஏன் வொரி பண்ணணும்?"

உடனே மதுரைக்குப் போன் போட்டேன். "ஆமாண்ணே, ரெண்டு வருசம் அங்க பரிமாறுற வேலைதான பாத்தாரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள் உன் மனைவி.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் வலிக்கிறது.

இன்று மகளின் அறைக்கதவுக்கு வெளியே, தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று சுக்குக் காப்பியோடு காத்திருந்தேன். முதல் வேலையாக அவள் உண்மையைச் சொன்னாள். அந்த வரி தவறு, அவர் அங்கே படிக்கவில்லை, பரிமாறினார் என்று. நான் சேர்க்க வைத்த வரியால் அவள் வாய்ப்பு போயிற்று என்றே நினைத்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ஜெபம் இன்னும் அவ்ளோ நீளம்தான்னு சிரிச்சாங்கப்பா. வேற எதுவும் தெரியல. ரிசல்ட் அடுத்த மாசம்."

கையிலிருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அவ்வளவு நேரமும் நானும் உட்காரவே இல்லை, மாப்ளே.